சோறு இல்லாத தட்டில் உப்பு கூடிவிடுகிறது

கோழித் தொடையைச் சூடேறாத சட்டியில்தான் வைக்க வேண்டும் என்று இருபது வயதிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். தோல் பக்கம் கீழே. எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். அடுப்பை நடுத்தரத் தீயில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சன்னமாக ஒரு முணுமுணுப்பு கேட்கும். தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு உருகி வெளியே வந்து, அந்தத் தோலையே பொரிக்க ஆரம்பிக்கும். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு அதைத் தொடக் கூடாது. கரண்டியால் நெம்பிப் பார்த்து, ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். ஆனதும் தானே சட்டியை விட்டுக் கிளம்பி வரும். அப்போது திருப்பிப் போட்டு இன்னும் பத்து நிமிடம்.

எனக்குக் கஷ்டமானது அந்தத் தொடாமல் இருக்கிற வேலைதான். நான் வீட்டிலிருந்தே பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். அடுத்தவர் எழுதியதில் நாள் முழுக்கக் கைவைத்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. ஒரு பத்தியைச் சும்மா விடத் தெரியாதவளுக்கு ஒரு தொடைக்கறியைச் சும்மா விட எங்கே தெரியும்? இப்போதெல்லாம் அந்த இருபது நிமிடத்தில் பாத்திரம் கழுவிவிடுகிறேன். கை ஈரமாக இருந்தால் கரண்டியைத் தேடாது.

பேலியோவுக்கு, அதாவது விவசாயத்துக்கு முந்தைய பழங்கற்கால மனிதர்களைப் போலச் சாப்பிடப் பார்க்கிற உணவுமுறைக்கு, வந்து இரண்டு வருடமும் சில மாதமும் ஆகின்றன. பெரிய கதை எதுவும் இல்லை. மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்திலேயே கண் சொக்கும். ஒரு நாள் ஒரே வரியை நான்கு முறை படித்தும் அதிலிருந்த எழுத்துப் பிழை என் கண்ணில் படவில்லை. அது அச்சாகியும்விட்டது. அன்று முடிவு செய்தேன். தானியம், பருப்பு, பயறு, சர்க்கரை, பால் எல்லாம் நிறுத்தியாயிற்று. மிஞ்சியவை இறைச்சி, மீன், முட்டை, காய், கீரை, பழம், தேங்காய், கொட்டைகள். கொட்டையில் நிலக்கடலை சேராது, அது பயறு வகை என்று தெரிந்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே துக்கம் வந்தது. நெய் உண்டா, உருளைக்கிழங்கு உண்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நெய் உருக்கும்போது பால் புரதமும் பால் சர்க்கரையும் பெரும்பாலும் போய்விடுகின்றன, அதனால் நான் சேர்த்துக்கொள்கிறேன். உருளையை விட்டுவிட்டேன். சர்க்கரை வள்ளிக்கிழங்கை விடவில்லை. இதில் தர்க்கம் தேடாதீர்கள்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. போனில் யார் அகப்பட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்குமாம். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போய்விடுகிறது. நான் பீற்றிக்கொண்டதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். யாரிடமும் திருத்தம் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது எடையைப் பற்றி இல்லை. உப்பைப் பற்றி.

முதல் மாதம் நான் செய்த எதுவுமே வாயில் வைக்க முடியவில்லை. எல்லாம் உப்பு, எல்லாம் புளிப்பு, எல்லாம் காரம். நாக்குக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட இவரும் மகளும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் தட்டில் சோறு இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. உப்புப் போடுகிற என் கை சோற்றுக்குப் பழகிய கை. ஒரு குழம்பு தன் அளவைப்போல மூன்று மடங்கு சோற்றுக்குச் சுவை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இத்தனை வருடமும் அது உப்பை அள்ளியிருக்கிறது. சோற்றை எடுத்துவிட்டேன், கணக்கை மாற்றவில்லை.

சரி, உப்பைக் குறைத்தால் தீர்ந்தது என்று நினைத்துப் பாதியாகக் குறைத்தேன். இப்போது சப்பென்று இருந்தது. உப்பு சரியாக இருக்கிறது, ஆனால் சுவை இல்லை. இங்கேதான் எனக்குச் சமையலே முதலிலிருந்து ஆரம்பித்தது. இத்தனை வருடம் என் சமையலில் இருந்த ஓட்டைகளையெல்லாம் உப்பும் காரமும் புளிப்பும் மூடி வைத்திருந்தன. அவற்றைப் பாதியாக்கியதும் ஓட்டை எல்லாம் வெளியே தெரிந்தது.

முதல் ஓட்டை, நான் கறியை வதக்கியதே இல்லை. வதக்குவதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருந்தேன். கழுவிய கறியை அப்படியே சட்டியில் கொட்டுவேன். அது நீர் விடும், சாம்பல் நிறமாகும். தண்ணீர் இருக்கிறவரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பொன்னிறமாகி வாசம் கிளம்புவதற்கோ சுமார் 140 டிகிரியாவது வேண்டும். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது வாசனைகளை உண்டாக்குகிற அந்த வினைக்கு, 1912இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மையார் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு துண்டுத் துணியாக வந்து சேர்ந்தது. கறியைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, சட்டியில் நெருக்காமல் இரண்டு தடவையாகப் போட்டால் போதும். பாதி உப்பில் முழுச் சுவை வந்தது.

இரண்டாவது, நேரம். உப்பை முதல் நாள் இரவே தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு சேர்ந்து உள்ளே இறங்கும். மேல்தோல் காய்ந்து காகிதம் மாதிரி ஆகும். அந்தத் தோல்தான் மறுநாள் மொறுமொறுவென்று வரும். கொஞ்சம் உப்பு உள்ளே வரை போய்விட்டால், மேலே அள்ளித் தூவ வேண்டிய அவசியமே இல்லை. பச்சைக்கறி திறந்திருக்கிறதே என்று பயமாக இருந்தால் அடித்தட்டில் தனியாக வையுங்கள். வேறு எதன் மேலும் சொட்டக் கூடாது.

மூன்றாவது, புளிப்பை எப்போது சேர்ப்பது என்பது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிகிறேன். உப்பு பத்தவில்லையோ என்று தோன்றும்போதெல்லாம் முதலில் நான்கு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார்ப்பேன். பத்தில் ஏழு தடவை உப்பு ஜாடியைத் திறக்க வேண்டி வருவதில்லை.

அப்புறம் காளான். காய்ந்த ஷீடேக் காளானைப் பொடித்து ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன். தக்காளியில் குளுட்டமேட் என்கிற ருசிப் பொருள் இயல்பாகவே உண்டு. கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று 1908இல் பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா. காய்ந்த காளானில் இருக்கிற வேறொரு பொருள் அந்தக் குளுட்டமேட்டோடு சேரும்போது ருசி பல மடங்காகிறது. தக்காளியை நன்றாகச் சுண்ட வதக்கி அரை ஸ்பூன் காளான் பொடி போடுங்கள், அந்தச் சட்டியில் கறியே இல்லாவிட்டாலும் கறி இருப்பது போல இருக்கும். சோயா சாஸ் பயறிலிருந்து வருவதால் எங்கள் கணக்கில் கிடையாது. அந்த இடத்தை எனக்கு இந்தப் பொடிதான் நிரப்புகிறது.

வெங்காயத்தைப் பற்றி மட்டும் கோபமாக ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் பழுப்பாகிவிடும் என்று எழுதுகிறவர்களின் மெய்ப்பு என்னிடம் வந்தால் சிவப்பு மையில் திருத்துவேன். நாற்பது நிமிடம் ஆகும். குறைந்த தீ, கொஞ்சம் நெய், ஒரு சிட்டிகை உப்பு, அடிப்பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர். அந்த நாற்பதாவது நிமிட வெங்காயம்தான் என் வீட்டில் சர்க்கரை.

காலிஃபிளவர் சோறு என்கிற பெயரில் நான் எத்தனை நாள் கூழ் சாப்பிட்டேன் என்று இவரைக் கேட்டால் சொல்வார். ("கேட்காமலே சொல்வேன்" என்கிறார், பக்கத்து நாற்காலியிலிருந்து.) காலிஃபிளவரில் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். நான் அதை மிக்சியில் மாவு மாதிரி அரைத்து, உப்புப் போட்டு, மூடி போட்டு வேக வைத்தேன். மூன்றும் தப்பு. நைசாக அரைத்தால் நீர் முழுக்க வெளியே வரும், உப்பு மிச்சத்தையும் இழுக்கும், மூடி அதை வெளியே விடாது. இப்போது துருவுகிறேன், இல்லையென்றால் மிக்சியில் ஒரு சுற்றில் நிறுத்துகிறேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய துகள். சுத்தமான துணியில் கட்டிப் பிழிந்து, அகலமான சட்டியில் பரப்பி, மூடாமல், பெரிய தீயில் ஐந்து நிமிடம். ஓரங்கள் லேசாகப் பழுப்பாக வேண்டும். உப்பு இறக்கும்போதுதான். அரைமூடித் தேங்காய் துருவிப் போட்டு இரண்டு பிரட்டு பிரட்டினால், அது சோறு இல்லை என்பதை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது பாதாம் மாவு ரொட்டி. கோதுமை மாவில் இருக்கிற குளூட்டன்தான் வலை மாதிரி காற்றைப் பிடித்து வைத்து ரொட்டியை எழுப்புகிறது. பாதாமில் அந்த வலை இல்லை. பாதிக்குப் பாதி கொழுப்பு வேறு, சீக்கிரம் கருகும். வெளியே கறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் ஒன்று ஓவனிலிருந்து வந்தது. என் மகள் குத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, இது முடிஞ்சிடுச்சா, இல்ல இனிமேதானா?" என்றாள். அதோடு போலி ரொட்டி, போலி கேக் எல்லாவற்றையும் விட்டேன். போலியைச் சாப்பிட்டால் நிஜத்தின் நினைப்பு கூடத்தான் செய்கிறது. காலிஃபிளவர் சோறும் போலிதானே என்று நீங்கள் கேட்கலாம். மகளும் கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

எட்டாவது படிக்கிற அந்தப் பெண் என்னைக் 'குகை அம்மா' என்றுதான் தன் தோழிகளிடம் சொல்கிறாளாம். ஒரு நாள் வெற்றிக் களையோடு வந்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டினாள். ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில், பழைய அடுப்பு ஒன்றில் கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. வயது சுமார் 14,400 ஆண்டு. 2018இல் வெளிவந்த ஆய்வு. அங்கே விவசாயம் தொடங்குவதற்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேட்டையாடிய மனிதர்கள் காட்டுத் தானியத்தை அரைத்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். "அவங்களே சாப்பிட்டிருக்காங்கம்மா!"

சாப்பிட்டிருக்கிறார்கள்தான். மெய்ப்புத் திருத்துகிறவளாக எனக்கு 'நம் முன்னோர் உண்ட உணவு' என்ற வரியில் ஆரம்பம் முதலே உறுத்தல் உண்டு. எந்த முன்னோர், எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில் என்று ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டிய வரி அது. பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இருவர் 1985இல் ஒரு மருத்துவ இதழில் பழங்கற்கால உணவைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு மனிதர்கள் ஏகப்பட்டதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும், என் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காலிஃபிளவர், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி மூன்றும் ஒரே செடியினம். மனிதன் தோட்டத்தில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உண்டாக்கியவை. காட்டுப் பாதாம் கசக்கும், அதில் விஷமும் உண்டு. கோழி, காட்டுக்கோழியாக மரத்தில் இருந்தது. குகையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் தட்டைப் பார்த்தால் அவருக்கு முட்டையும் உப்பும்தான் அடையாளம் தெரியும்.

இதையெல்லாம் மகளிடம் நானே சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சண்டைக்குத்தான் வந்திருந்தாள்.

மதியத் தூக்கம் போனது, அது போதும் எனக்கு. போனதற்குக் காரணம் சோற்றை விட்டதா, பிஸ்கட் டப்பாவை விட்டதா, இரவு பதினொன்றுக்குப் படுக்க ஆரம்பித்ததா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் மட்டும் என்னைப் பார்த்து ஆரம்பித்துவிடாதீர்கள். மாவுச்சத்து திடீரென்று குறைந்து மருந்து மட்டும் பழைய அளவில் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எலும்புச் சாறு. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த கோழி எலும்புகளையும், ஆட்டுக்கால் கிடைத்தால் அதையும், முங்குகிற அளவு தண்ணீரில் போட்டு, மிளகு, பூண்டு, ஒரு துண்டு இஞ்சியோடு சின்னத் தீயில் வைத்துவிடுவேன். கொதிக்கக் கூடாது. எங்கேயோ ஒரு குமிழி, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு குமிழி, அவ்வளவுதான். எலும்பில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பாத்திரத்தை ஆட்டும்போது மொத்தமும் சேர்ந்து ஆட வேண்டும். மேலே உறைந்திருக்கிற கொழுப்பை வழித்து எடுத்து வைத்துக்கொண்டால் முட்டை பொரிக்க ஆகும். இதில் கால்சியம் கொட்டிக்கிடக்கிறது என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை, ரொம்பக் குறைவு. பாலை விட்ட நான் கால்சியத்துக்கு நம்புவது முள்ளோடு தின்கிற சின்ன மீன்களையும் கீரையையும் எள்ளையும்தான். சாறு என்பது ருசிக்கு. கோழித் தொடையை எடுத்த பிறகு சட்டியில் ஒட்டியிருக்கிற பழுப்பில் ஒரு கரண்டி இதை விட்டுச் சுரண்டினால், அதைவிட நல்ல குழம்பு என் கையால் வந்ததில்லை.

ஒரு ஞாயிறு, சாறு அடுப்பில் இருக்க, எட்டாம் வகுப்பு வரலாற்றின் கடைசிப் பாடத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சின்னத் தீதானே என்ற தைரியம். படைகள் ஒரு நதியைக் கடந்துகொண்டிருந்தபோது எனக்கு வாசம் வந்தது. போர் வர்ணனையின் வேகத்தில் அதுவும் சேர்ந்ததுதான் என்று இரண்டு பக்கம் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. போய்ப் பார்த்தால் எலும்புகள் கறுத்துச் சட்டியோடு ஒன்றாகியிருந்தன. சட்டியை மூன்று நாள் ஊறவைத்தேன். மெய்ப்பில் ஒரு பிழைகூட விடவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா தினமும் போன் செய்வாள். "சோறு தின்னியா?" என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை வருடமும் 'சாப்பிட்டாயா' என்பதற்கு இன்னொரு பெயராகத்தான் அது என் காதில் விழுந்தது. இப்போது 'ஆச்சும்மா' என்று சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒரு தடவை, "இல்லம்மா, கோழியும் கீரையும்" என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அது சரி, எப்ப சாப்பிடப் போற?" என்றாள்.

வீட்டில் இப்போது பிரச்சினை தலைகீழாகிவிட்டது. என் கை புதுக் கணக்குக்குப் பழகிவிட்டது. நான் வெறுமனே சாப்பிடுவதற்குச் சரியாக உப்புப் போட்டால், சோற்றோடு பிசைகிற அவர்கள் இருவருக்கும் பத்தவில்லை. உப்பு ஜாடி சமையல்கட்டிலிருந்து மேசை நடுவுக்குக் குடிவந்துவிட்டது. முதலில் எனக்கு ரோஷமாக இருந்தது. சாப்பிடுகிறவர்கள் மேலே உப்புத் தூவிக்கொள்வது, சமைத்தவளின் பத்தியில் வேறொருவர் சிவப்பு மை வைக்கிற மாதிரிதானே.

நேற்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டிய கடைசி நாள். ஏழரை மணி வரை எழுந்திருக்கவே இல்லை. இவரே சமைத்தார். கோழித் தொடை, சூடேறாத சட்டி, தோல் கீழே. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். தோல் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. சாற்றை விட்டுச் சுரண்டக்கூட மறக்கவில்லை. எனக்கென்று தனியாகக் காலிஃபிளவர் துருவி, மூடி போடாமல் வதக்கி வைத்திருந்தார். மகள் உப்பு ஜாடிப் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா, இன்னைக்குதான் கரெக்டா இருக்கு" என்றாள்.

நான் ஒரு வாய் வைத்தேன். சோற்றுக்குப் போட்ட உப்பு.

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.